பூனைக்காலிப் புதரில் கட்டிய துணி

இந்தக் கோடையில் எங்கள் வீட்டுச் சேதி என்ன என்று கேட்டால் மூன்று வரியில் சொல்லிவிடலாம். தோட்டம் காயாமல் பிழைத்தது. மெட்ராஸிலிருந்து தம்பி குடும்பம் வந்து தங்கிவிட்டுப் போனது. களாப்பழம் பறித்தோம். ஆனால் இப்படிச் சொன்னால் என் பெண்சாதி மீனம்பாள் அதில் எங்கேயும் வரமாட்டாள். அவள் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தச் சேதியும் நடக்காது.

மீனம்பாளுக்குப் பிறந்த ஊர் மண்டகப்பட்டு. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். கிணறு வெட்டுகிற கன்னியப்பன்தான் அவளுக்கு அப்பாவும் அம்மாவும். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மகளைக் கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார வைத்துவிட்டு உள்ளே இறங்குவாராம். மேலே மகள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கீழேயிருந்து அவர் பதில் சொல்லிக்கொண்டே கடப்பாரை போடுவார். பேச்சு நின்றால் பதறிப்போய் மேலே ஏறி வந்துவிடுவாராம். அதனால்தானோ என்னவோ அவளுக்குக் குரல் பெரிசு. செஞ்சிக் கோட்டைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த அன்றைக்கே, தாளம் தப்பி அடித்த மேளக்காரரை மணவறையிலிருந்தே அதட்டியவள் அவள்.

நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டையும் மணிலாக்கொட்டை மூட்டையும் ஏற்றிப் போவேன். தோட்டம் அவளுடைய ராஜ்ஜியம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம். கத்தரி, மிளகாய், புளிச்சக்கீரை, இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை மரம். கத்திரி வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போதும் அவள் பாத்தி பச்சையாக இருக்கும். நாங்கள் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். வேறு பக்கம் வாளியைக் கவிழ்த்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

அவளிடம் ஒரு குணம். யாராவது தப்பு செய்தால் மறக்க மாட்டாள். குரல் பெரிசானாலும் அதற்காகக் கத்த மாட்டாள், சண்டைக்குப் போக மாட்டாள், மறக்கவும் மாட்டாள். ஒரு கண்டக்டர் அவள் கீரைக் கூடையைக் காலால் தள்ளினான். அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் அவள் ஏறுவதில்லை. அந்த ஆள் வேறு ரூட்டுக்கு மாறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. "ஆள்தான் மாறிட்டானே, ஏறேன்" என்றேன் ஒருநாள். "பஸ்ஸு அதேதானே" என்றாள். வெயிலில் நின்று அடுத்த பஸ்ஸுக்குத்தான் வருவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய்த்தான் என் தம்பி பெண்சாதி பூங்குழலி வம்பு வாங்கிக்கொண்டாள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் களாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊருக்குப் பின்னால் கரடு. பாறையும் முள்ளும்தான். கோட்டையின் வெளிமதில் இடிந்து கிடக்கிற இடத்திலிருந்து ஏரி வரைக்கும் களாப் புதர்கள். சித்திரையில் காய் பிடிக்கும். வைகாசியில் பச்சை சிவப்பாகும், சிவப்பு கறுப்பாகும். கறுத்தால்தான் பழம். புதர் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு முறை உண்டு. ஒரு புதரில் முதலில் யார் துணி கட்டுகிறார்களோ, அந்த வருஷத்துக் காய் அவர்களுடையது. பழைய சேலையில் கிழித்த ஒரு துண்டு போதும். அது யார் சேலை என்று ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது என்பது வரைக்கும் தெரியும். துணி கட்டிய புதரில் கை வைத்தால் திருட்டு. துணி இல்லாத புதரில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பூங்குழலி தளவானூர்ப் பெண். மெட்ராஸில் ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். ஆனாலும் இந்த முறை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன கோடையில் என் மாமனார் கன்னியப்பன் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். கிணறு வெட்டின உடம்பு, எலும்பாகப் போயிருந்தது. எது கொடுத்தாலும் வாய் கசக்கிறது என்று துப்பிவிடுவார். ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, "மீனா, நாலு களாப்பழம் கெடச்சா நாக்கு தெளியும்" என்றார். அவர் வாயால் ஒன்றைக் கேட்டதே அதுதான். மீனம்பாள் வெளிமதில் பக்கம் ஒரு புதரில் துணி கட்டிவிட்டு வந்தாள். காய் சிவந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கறுத்துவிடும். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நாளான்னிக்கு ஆயிடும் நைனா" என்று அவரிடம் சொல்லுவாள். அவரும் தலையாட்டுவார்.

மலையனூர் அமாவாசைக்காகத் தம்பி அன்புச்செல்வன் குடும்பத்தோடு வந்திருந்தான். வருஷா வருஷம் வைகாசி அமாவாசைக்கு அங்காளம்மனைப் பார்க்க வருவார்கள். ஊருக்குத் திரும்புகிற அன்று காலை பூங்குழலி கரட்டுக்குப் போனாள். பை நிறையக் களாக்காயோடு வந்தாள். மீனம்பாள் பையைப் பார்த்தாள். பைக்கு மேலேயே அவள் புதரில் கட்டிய சேலைத் துணி கிடந்தது.

"இது நைனாவுக்குன்னு விட்டு வெச்ச பொதரும்மா. துணி கட்டியிருந்தது கண்ணுல படலியா?"

"பட்டுச்சுக்கா. நம்ம துணிதானேன்னு அவுத்துட்டுப் பறிச்சேன். நமக்குள்ள இன்னா? ஆபீஸ்ல அத்தினி பேரு ஊறுகா கேட்டுனு இருக்காங்க."

"நைனாவுக்குன்னு நேத்து உன்கிட்டதானே சொன்னேன்?"

"சக்கரை இருக்கிற மனுஷனுக்குப் பழம் எதுக்குக்கா? சாவப் போற நேரத்துல நாக்கு கேக்குறதெல்லாம் குடுத்துனு இருக்க முடியுமா?"

கதவுக்கு அந்தப் பக்கம்தான் அவர் கட்டில். அவருக்குக் கண் மங்கலே தவிர, காது நன்றாகக் கேட்கும்.

அதற்கப்புறம் அவர் களாப்பழத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நான் செஞ்சி சந்தையெல்லாம் தேடினேன். ஊறுகாய்க்கு விற்கிற பச்சைக் காய்தான் இருந்தது. கரட்டிலும் அதற்குள் எல்லாப் புதரும் பறித்தாகிவிட்டது. "எங்கியாவது வாங்கினு வரேன் நைனா" என்று மீனம்பாள் சொன்னதற்கு, "வேணாம்மா, நாக்கு செத்துப்போச்சு" என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பூங்குழலி மாலையோடு வந்து தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். மீனம்பாள் அழவில்லை. பூங்குழலியின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய் பறித்ததில் முள் கீறிய கோடுகள் அந்தக் கையில் இன்னும் ஆறாமல் இருந்தன.

இந்த வருஷம் முதல் தெவசம். முதல் தெவசத்தை வருஷம் திரும்புவதற்கு முன்னாலேயே கொடுப்பது எங்கள் வழக்கம், அதனால் அமாவாசைக்கு முந்தின நாள் வைத்தோம். அவர் இலையில் களாப்பழம் வைக்காமல் விடுவதில்லை என்று மீனம்பாள் பொங்கலுக்கே சொல்லிவிட்டாள். தெவசத்துக்கும் மலையனூருக்கும் சேர்த்து தம்பி குடும்பம் வருகிறது என்று போன் வந்தது. போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"இந்த வருஷமும் அவ பறிப்பாய்யா."

"பறிக்க வேணாம்னு சொல்லு."

"போன வருஷமும் நைனாவுக்குன்னு சொல்லத்தானே செஞ்சேன். இந்தத் தடவை சொல்ல மாட்டேன்."

ஏரிக்கு மேலே பாறைச் சந்தில் ஒரு பெரிய களாப் புதர் உண்டு. மற்ற புதரைவிட அதில் காய் இரண்டு பங்கு. ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தரும் அதன் பக்கம் போக மாட்டார்கள். அதன் மேலே முழுக்கப் பூனைக்காலிக் கொடி படர்ந்திருக்கும். மழைக்காலத்தில் பார்த்தால் நல்ல பச்சைக் கொடி. கோடையில் இலையெல்லாம் கொட்டி, காய்ந்த காய் மட்டும் முள்ளுக்குள் தொங்கும். பார்க்கப் புளியங்காய் மாதிரி இருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு அது இன்னதென்று தெரியாது. அதன் மேல் பொன் நிறத்தில் மெல்லிய முடி. கிளையைத் தொட்டாலே அது பறந்து மேலே படியும். பட்டால் தோலே கழன்று விழுகிற மாதிரி அரிக்கும்.

தூர நின்று, ஒரு நீளக் கொம்பின் நுனியால் தன் துணியை அந்தப் புதரின் கிளையில் சுற்றி மாட்டிவிட்டு வந்தாள் மீனம்பாள். இலைக்கு வேண்டிய பழத்துக்கு வெளிமதில் பக்கம் போன வருஷத்துப் புதரையே வைத்துக்கொண்டாள். அதில் துணி கட்டவில்லை. கட்டினால் பூங்குழலி அதையும் கண்டுபிடித்துவிடுவாள்.

"துணி இல்லாத பொதர ஊரே பறிக்கும்டி. செல்லம்மா கிட்டயாவது சொல்லி வை" என்றேன். செல்லம்மாள் பக்கத்து வீடு. களாப்பழத்தைக் கூறு கட்டிக் கோட்டை வாசலில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்பவள்.

"செல்லம்மாகிட்ட சொன்னா மைக்கு செட்டு வெச்ச மாதிரி. பூங்குழலி வந்து எறங்கின அன்னிக்கே அவ காதுக்குப் போயிடும். ரெண்டும் உக்காந்தா எழுந்திரிக்காதுங்க. சும்மா இருய்யா."

சும்மா இருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அதில் சந்தோஷம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டதை நானும் பார்த்தவன்.

அவர்கள் வந்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தோட்டத்தில் புகுந்து பிஞ்சுக் கத்தரியைக் கிள்ளிப் போட்டன. மீனம்பாள் அதைப் பொறுக்கி எடுத்துக் குழம்பில் போட்டாள். பூங்குழலிக்கு அவளே முருங்கைக்கீரை அடை சுட்டுப் போட்டாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். எனக்கே அதைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"இந்த வருஷம் களா எப்படிக்கா காய்ச்சிருக்குது?" என்று பூங்குழலி கேட்டாள்.

"ஏரிக்கு மேல நல்லா இருக்குதும்மா. துணி கட்டி வெச்சிருக்கேன். நைனா தெவசத்துக்கு."

"நான் வேணா வந்து பறிச்சுக் குடுக்கட்டுமாக்கா?"

"உனக்கு எதுக்கு அந்த செரமம்? நானே பாத்துக்கறேன்."

தெவசத்துக்கு முந்தின நாள் விடியற்காலை பூங்குழலி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதை நானும் மீனம்பாளும் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தோம். அவள் நேராக ஏரிப் பக்கம்தான் திரும்பினாள். மீனம்பாள் காப்பியை ஆற்றி என்னிடம் கொடுத்தாள். அன்றைக்குச் சர்க்கரை தாராளமாக இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் கத்திக்கொண்டே வந்தாள் பூங்குழலி. தெருவில் இருந்த நாயெல்லாம் எழுந்து ஓடியது. கை, கழுத்து, முகம் எல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. சொறிகிறாள், குதிக்கிறாள், மறுபடி சொறிகிறாள். ஆனால் பழம் இருந்த பையை மட்டும் விடவில்லை.

"ஐயோ மாமா, இன்னான்னே தெரியல மாமா, உடம்பெல்லாம் நெருப்பாட்டம் இருக்குது!"

தம்பி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். செல்லம்மாள் ஓடி வந்து சாம்பலைக் குழைத்துப் பூசினாள். "பூனைக்காலிம்மா இது! எங்க போயி விழுந்த? பொறந்த புள்ளகூட அந்தப் பொதருகிட்ட போவாதே!" என்றாள். மீனம்பாள் நிதானமாக வந்து வாசல்படியில் நின்றாள்.

பூங்குழலி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "அக்கா, அந்தப் பொதர்ல உங்க துணி இருந்துச்சு."

"இருந்துச்சு."

"தெரிஞ்சேதான் கட்டினீங்களா?"

"தெரிஞ்சேதான். துணியக் கட்டினது நானு. அவுத்தது யாரு?"

தம்பி வாளியைத் தரையில் போட்டான். "அண்ணி, இது நியாயமா? குழந்தைங்க போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"குழந்தைங்க அடுத்தவங்க துணிய அவுக்காது தம்பி."

அவன் என்னைப் பார்த்தான். நான் வண்டி டயரைப் பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் மீனம்பாளுக்கு முழு ஜெயம். அன்று சாயங்காலம் கூடையை எடுத்துக்கொண்டு வெளிமதில் பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். புதரில் ஒரு பழம் இல்லை. சிவப்புக் காய்கூட இல்லை. கீழே இலை உதிர்ந்து கிடந்தது. அவள் புதரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முள்ளை விலக்கி உள்ளே குனிந்து பார்த்தாள். கடைசியில் காலிக் கூடையை என் கையில் கொடுத்தாள்.

செல்லம்மாளிடம் போய்க் கேட்டோம்.

"நான்தான் பறிச்சேன். துணி இல்லியே மீனா. நான் பறிக்கலன்னா வேற எவளாவது பறிச்சிருப்பா. முந்தாநாளே கோட்டை வாசல்ல வித்துட்டேன். இன்னா தப்பு?"

"தப்பில்ல."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு படி எடுத்து வெச்சிருப்பேனே! தெரியாமத்தான் கேக்குறேன், நல்ல பொதர வுட்டுட்டு அந்தப் பூனைக்காலியில போயி ஏன் துணி கட்டின? கண்ணு அவிஞ்சிச்சா உனக்கு?"

மீனம்பாள் வீட்டுக்கு வந்தாள். கரட்டில் இருந்த மற்ற புதர்களில் எல்லாம் யார் யார் துணியோ இருந்தது. பலதில் பழமும் இல்லை. விடிந்தால் தெவசம். சேதி அதற்குள் செல்லம்மாள் வாய் வழியாக எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது.

பூங்குழலி சாம்பல் பூசிய கையோடு தன் பையைக் கொண்டு வந்து மீனம்பாள் முன்னால் வைத்தாள். உள்ளே நல்ல கறுத்த பழம், பை நிறைய.

"இத வெச்சிக்கங்கக்கா. கழுவிட்டேன்."

மீனம்பாள் பையைத் தொடவில்லை.

"எடுத்துக்கங்க அண்ணி" என்றான் தம்பி. "உங்க துணி கட்டின பொதருதானே. அப்போ இது உங்க பழந்தானே?"

அவன் சொன்னது முறைப்படி சரிதான். நானும், "ஆமாம் மீனா, எடுத்துக்கோ" என்றேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

"எங்க நைனா கேட்டப்போ இவ கையால பறிச்சுதான் இல்லாமப் பண்ணா. அதே கையால பறிச்சத அவரு இலைல வெச்சா, அவரு திரும்பவும் நாக்கு செத்துப்போச்சும்பாரு."

"அக்கா, அன்னிக்கு நான் ஏதோ வாய்ல வந்தத..."

"உள்ள இருந்து அவரு கேட்டாரு. உன் வாய்ல வந்தது அவரு காதுக்குப் போச்சு. இப்போ பைய எடுத்துனு போ."

பூங்குழலி பையை எடுத்துக்கொண்டு போனாள். அழுதாளா, அரிப்பில் மூக்கை உறிஞ்சினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அவசரமும் இல்லை.

காலையில் மீனம்பாள் தலைக்குக் குளித்தாள். என் முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டாள். வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டாள். "நான் போறேன், நீ இரு" என்றேன். "அவரு எனக்கு அப்பன்" என்று சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் நடந்தாள். நான் பாறைக்குக் கீழே நின்றேன். பூங்குழலி நுனியில் இருந்ததையெல்லாம் பறித்துவிட்டாள். மிச்சம் இருந்தது உள்ளே, பூனைக்காலிக் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற இடத்தில். சட்டைக் கையை எவ்வளவு இழுத்துவிட்டாலும் விரல் வெளியேதானே இருக்க வேண்டும்? கிளையைத் தொட்டதும் முடி வெயிலில் புகை மாதிரி எழும்பியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை எடுக்கவில்லை. கிண்ணம் நிறைகிற வரைக்கும் ஒவ்வொன்றாக, நசுங்காமல், கறுத்ததாகப் பார்த்துப் பறித்தாள். கீழே இறங்கி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது.

பழத்தைப் பல தண்ணீர் மாற்றிக் கழுவினாள். அதற்கப்புறம்தான் தன் கைக்குச் சாம்பல் போட்டாள்.

மத்தியானம் படையல். அவர் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல், ஒரு பீடிக்கட்டு, வெற்றிலை. இலை நடுவில் சோற்றுக்குப் பக்கத்திலேயே களாப்பழத்தைக் குவித்தாள். கற்பூரம் காட்டினாள். "நைனா, வந்துச்சு பாரு, சாப்டு" என்றாள். அவளுடைய பெரிய குரல் அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

படைத்த பழத்தை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பது எங்கள் வழக்கம். எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தோம். மீனம்பாளே பரிமாறினாள். தம்பி இலையில் பழம் வைத்தாள். பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கூடவே வைத்தாள். "பெரியம்மா, இன்னும் வேணும்" என்று கேட்ட சின்னதுக்குத் திரும்பவும் வைத்தாள். செல்லம்மாளுக்கும் வைத்தாள். பூங்குழலியின் இலைக்கு வந்தாள். வடை இரண்டு போட்டாள், பாயசம் கேட்டு ஊற்றினாள், நெய்கூட விட்டாள். பழக் கிண்ணத்தை மட்டும் இடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு அந்த இலையைத் தாண்டிப் போனாள்.

தம்பி தன் பழத்தை எடுத்து அவள் இலையில் வைக்கப் பார்த்தான். பூங்குழலி கையால் தடுத்துவிட்டாள். தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள். இலையை அவளே மடக்கினாள். அந்த ஒன்றுக்காக அவளை நான் மதிக்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

மறுநாள் மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு வந்தேன். மீனம்பாள் கத்தரிப் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் தடிப்பு இன்னும் இறங்கவில்லை. வாளியைக் கீழே வைப்பாள், இடது கையால் வலது கையைத் தேய்ப்பாள், மறுபடி வாளியை எடுப்பாள்.

"இன்னும் எரியுதா?" என்றேன்.

"எரியுது."

"அவ பையில இருந்ததையே வாங்கி வெச்சிருந்தா இந்தக் கதி உண்டா உனக்கு?"

"போய்யா." மிச்சத் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றினாள். "அவளுக்கு என்னவிட ஒரு நாள் முன்னாடியே எரிய ஆரம்பிச்சிடுச்சி. அது போதும் எனக்கு."